ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி

(கல்லூரி ஒன்றின் கணினித் துறை விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2012 ஆகஸ்டில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் ஒரு கேள்வி போட்டார். விம் என்கிற எடிட்டருக்குள் மாட்டிக்கொண்டேன், இதிலிருந்து வெளியே வருவது எப்படி? இவ்வளவுதான் கேள்வி. 2017 மே மாதம் அந்த நிறுவனம் ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். பதில் என்னவோ ஒரு வரிதான். எஸ்கேப் அழுத்துங்கள், முக்காற்புள்ளி போடுங்கள், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். வெளியே வந்துவிடலாம்.

முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நிரலாளர்கள் எல்லோருக்கும் இது பழைய நகைச்சுவை. எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது. கணினியில் வேலை செய்கிற பத்து லட்சம் பேருக்கு ஒரு மென்பொருளை மூடத் தெரியாமல் போனது எப்படி?

அந்த மனிதர் விம்முக்குள் எப்படிப் போனார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவராகப் போயிருக்க மாட்டார். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளைப் பழகிக்கொண்டிருப்பார். செய்த மாற்றத்தைப் பதிவு செய்ய கமிட் கட்டளை கொடுப்பார். கூடவே ஒரு குறிப்புச் செய்தி எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கிட் என்ன செய்யும்? குறிப்பு எழுதுவதற்காகத் தானே ஒரு எடிட்டரைத் திறக்கும். வேறு எடிட்டர் எதையும் நீங்கள் சொல்லிவைக்கவில்லை என்றால் அது திறப்பது வி.ஐ. பெரும்பாலான கணினிகளில் அந்தப் பெயரில் இருப்பது விம். திரை மாறும். இடப்பக்கம் வரிசையாக அலைக்குறிகள். தட்டுகிற எழுத்து சில நேரம் விழாது, சில நேரம் ஏற்கெனவே இருந்த வரி காணாமல் போகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படி ஒரு கோப்போடு திறக்கும்போது 'நான்தான் விம்' என்ற அறிமுகத் திரை வராது. ஆக, தான் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் பெயரே அவருக்குத் தெரியாது.

'விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி' என்று தேடினால் அரை நொடியில் பதில் வரும். ஆனால் அப்படித் தேட விம் என்ற சொல் வேண்டும். அவரிடம் இருப்பது 'கிட் கமிட் போட்டேன், டெர்மினல் நின்றுவிட்டது' என்ற வாக்கியம். 'கேட்பதற்கு முன் தேடக் கூடாதா? மேனுவலைப் படிக்கக் கூடாதா?' என்று அவரிடம் கேட்கிறோம். எதை என்று தேடுவது? எந்த மேனுவலை எடுத்துப் படிப்பது?

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். தொழில்நுட்ப உதவிக் குழுக்களில் புதியவர்கள் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது நாற்பது ஆண்டுப் புகார். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. நானும் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான். ஆனாலும் அந்தப் புகார் போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு என்பது என் எண்ணம்.

இந்தப் புகார் எவ்வளவு பழையது என்று சொல்கிறேன். 1980களின் தொடக்கம். வலைத்தளம் என்ற ஒன்றே கிடையாது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் விண்வெளி ஆராய்ச்சி பற்றிய ஒரு மடலாடற்குழு இருந்தது. அங்கே முன்பு பேசியதெல்லாம் கோப்பாகச் சேர்த்துவைக்கப்பட்டிருந்தது. புதிதாக வருகிறவர் முதலில் அதை இறக்கிப் படித்துவிட்டு வருவார் என்று எதிர்பார்த்தார்கள். யாரும் படிக்கவில்லை. வந்தவுடன் கேள்விதான். படித்தவர்கள், விஞ்ஞானிகள், பல்கலைக்கழகத்தார் புழங்கிய குழு அது! கடைசியில் நாசாவில் இருந்த யூஜின் மியா, அடிக்கடி வரும் கேள்விகளைப் பதிலோடு தொகுத்துக் குறித்த இடைவெளிகளில் குழுவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது என்ற வழியில் இறங்கினார். எஃப்.ஏ.கியூ. என்ற சுருக்கப் பெயர் அங்கிருந்து வந்தது. இன்று ரயில்வே முன்பதிவுத் தளத்திலிருந்து காப்பீட்டு நிறுவனம் வரை எல்லோரிடமும் ஒரு எஃப்.ஏ.கியூ. பக்கம் இருக்கிறது. பாதி இடங்களில் யாருமே கேட்காத கேள்விகளுக்கு நிறுவனம் தானே சொல்லிக்கொள்ளும் பதில்கள், அது வேறு கதை.

யூஸ்நெட் காலத்தில் இந்தக் கலை நன்றாக வளர்ந்தது. 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்த வலைப்பின்னல் அது. சி மொழிக் குழுவுக்காக ஸ்டீவ் சம்மிட் தொகுத்த கேள்வி பதில் மாதந்தோறும் வரும். பிறகு தனிப் புத்தகமாகவே வெளிவந்தது. பாயின்டரும் அர்ரேயும் ஒன்றா இல்லையா என்பதை அதைப் படித்துத் தெளிந்தவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர்.

அதே யூஸ்நெட்டில்தான் 'செப்டம்பர்' என்பது ஒரு வசைச் சொல்லாகவும் ஆனது. அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் வந்து சேரும் காலம் அது. கையில் புதிதாகக் கணக்கு கிடைத்திருக்கும். எல்லாக் குழுவிலும் ஒரே கேள்வி மழை. ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடுவார்கள், அல்லது அலுத்துப் போய்விடுவார்கள். அடுத்த செப்டம்பர் வரை அமைதி. 1994 தொடக்கத்தில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் யூஸ்நெட்டைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லா மாதமும் செப்டம்பர்தான். 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழைய ஆட்கள் சொல்லும் கிண்டல் அப்படி வந்தது.

பழையவர்கள் இதைச் சொல்லும்போது ஏதோ ஊருக்குள் வெள்ளம் புகுந்த மாதிரி சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறொன்று தெரிகிறது. அதற்கு முந்தைய செப்டம்பர்களில் வந்தவர்களும் அதே அளவு தெரியாதவர்கள்தான். அப்போது பழையவர் பலர், புதியவர் சிலர். பக்கத்தில் உட்கார்ந்து பழக்க ஆள் இருந்தது. 1994-இல் மாறியது அந்த விகிதம். புதியவர்களின் குணம் ஒன்றும் மாறவில்லை.

பதில் சொல்கிறவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இந்தக் குழுக்களில் பதில் எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அலுவலகம் முடிந்து, வீட்டு வேலை முடிந்து, பத்து மணிக்குமேல் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அப்போது வந்து விழுகிற கேள்வி எப்படி இருக்கும்? 'சார், இன்ஸ்டால் ஆகல, அவசரம், ஹெல்ப் பண்ணுங்க.' எதை இன்ஸ்டால் செய்தார், எந்த இயங்குதளம், என்ன பிழைச்செய்தி, ஒன்றும் இருக்காது. கேட்டால் ஒரு படம் வரும். ஸ்கிரீன்ஷாட் என்று நினைத்தால் அது செல்பேசியில் எடுத்த மானிட்டரின் புகைப்படம். கோணலாக இருக்கும். நடுவில் டியூப் லைட்டின் பிரதிபலிப்பு. பிழைச்செய்தியின் முக்கியமான பாதி அந்த வெளிச்சத்துக்குள் போய்விட்டிருக்கும். இதை ஒரே வாரத்தில் நான்கு பேர் செய்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அந்த எரிச்சலின் எழுத்து வடிவம்தான் ஆர்.டி.எஃப்.எம். 'அந்த மேனுவலைப் படித்துத் தொலை' என்பதன் சுருக்கம். உண்மையான சொல் இதைவிடக் காரமானது, மேடையில் சொல்ல முடியாது. எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-இல் இதற்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தார்கள். கேள்வியைப் புத்திசாலித்தனமாகக் கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட வழிகாட்டி. உலகம் முழுக்கக் குழுக்களின் வாசலில் மாட்டப்பட்ட ஆவணம் அது. அதன் தொனி எனக்குப் பிடிக்காது. தொழில் தெரிந்தவன் தெரியாதவனைப் பார்த்துத் தலையைத் தூக்கிக்கொண்டு பேசும் தொனி. ஆனால் உள்ளே இருக்கும் அறிவுரை கெட்டி. ஊகத்தைச் சொல்லாதே, கண்ணில் பட்டதைச் சொல். பிழைச்செய்தியை அப்படியே எடுத்துப் போடு. நீ செய்யப் பார்த்த சின்னப் படியைச் சொல்வதோடு நிறுத்தாதே, போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல். மாணவர்கள் தொனியை மன்னித்துவிட்டு ஒரு முறை படிக்கலாம்.

அந்த வழிகாட்டி ஒரு விஷயத்தை எளிதாக எடுத்துக்கொள்கிறது. தேடினால் கிடைக்கும் என்று நம்புகிறது. அங்கேதான் அது சறுக்குகிறது என்று நினைக்கிறேன்.

1987-இல், பெல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபர்னாஸ், லாண்டவர், கோமெஸ், டுமே என்ற நான்கு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேரிடம் தனித்தனியே பெயர் கேட்டால், இருவரும் ஒரே சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தார்கள். எடிட்டர் கட்டளைகளுக்குப் பார்த்தார்கள், சமையல் குறிப்புகளுக்குக்கூடப் பார்த்தார்கள். வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழே. ஐந்து தடவை பெயர் வைத்தால் நான்கு தடவை ஒருவர் வைத்த பெயர் இன்னொருவர் வாயில் வராது. ஒரே மொழி பேசுகிறவர்களிடையேயே இந்த நிலை. அவர்கள் சொன்ன மருந்து என்ன தெரியுமா? நல்ல பெயராகத் தேர்ந்தெடுத்து வை என்று சொல்லவில்லை. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் முடியுமோ அத்தனையும் வைத்துவிடு, எந்தப் பெயரில் கேட்டாலும் கிடைக்கட்டும் என்றார்கள்.

இதை நம் வீட்டு உதாரணத்தில் பார்க்கலாம். தமிழ்க் கணினி உதவிக் குழுக்களில் இருபத்தைந்து ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஒரு கேள்வி: 'தமிழ் எழுத்து உடைஞ்சு வருது, என்ன செய்ய?' இது எத்தனையாவது முறை என்று அலுத்துக்கொண்டு, 'யூனிகோடுக்கு மாற்றுங்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவோம். அந்தக் கேள்வியைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள்.

ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பழைய மலர் ஒன்றின் கோப்பைத் திறக்கிறார். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அவர் கணினியில் பாமினி இல்லை. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. கோப்பு கெட்டுவிட்டது, வைரஸ் என்று நினைக்கிறார். உண்மையில் கோப்புக்கு ஒன்றுமில்லை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்தவை. படம் போனதும் கீழே இருந்த ஆங்கிலம் தெரிகிறது. இவருக்குத் தேவை எழுத்துரு மாற்றி.

இன்னொருவரின் திரையில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வருகிறது. அவர் கோப்பு நல்ல யூனிகோடுதான். அதைக் காட்டத் தமிழ் எழுத்துரு ஒன்று அந்தக் கணினியில் இல்லை. இவரிடம் போய் யூனிகோடுக்கு மாற்றுங்கள் என்றால் என்ன ஆகும்? ஏற்கெனவே யூனிகோடில் இருப்பதை மாற்றியில் போட்டு உண்மையாகவே கெடுத்துக்கொள்வார்.

மூன்றாமவர் போட்டோஷாப்பில் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கிறார். எழுத்து வருகிறது, ஆனால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. 'கொ' என்பது மூன்று துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. எழுத்துருவும் சரி, யூனிகோடும் சரி. மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளைக் கோத்துக் காட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று பேரும் எழுதிய வாக்கியம் ஒன்று: எழுத்து உடைந்து வருகிறது. நோய் மூன்று, மருந்து மூன்று. மாறாக, பாமினிக்காரர்கள் மூவரை எடுத்துக்கொண்டால் ஒருவர் ஃபான்ட் பிரச்சினை என்பார், ஒருவர் ஃபைல் கரப்ட் என்பார், ஒருவர் இங்கிலீஷாக மாறிவிட்டது என்பார். நோய் ஒன்று, பெயர் மூன்று. குறியேற்றம் என்ற சொல்லை அவர்களில் ஒருவரும் எழுத மாட்டார். ஏனென்றால் அந்தச் சொல் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வியே வராது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டாம், டாப் என்ற குறியேற்றத் தரங்களை ஏற்றது, 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது என்ற வரலாறெல்லாம் பதில் சொல்லும் நமக்குத் தெரியும். அழைப்பிதழ் அடிக்கும் தம்பிக்கு அது எதற்கு?

ஆகவே 'இது ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று சொல்ல ஒரு தகுதி வேண்டும். இரண்டும் ஒரே கேள்விதான் என்று கண்டுபிடிக்கப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பதில் தெரியாதவரிடம் அந்தக் கண்டுபிடிப்பை எதிர்பார்க்கிறோம்.

2008-இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இந்தச் சிக்கலை வேறு எவரையும்விடத் தீவிரமாகக் கையாண்டது. ஒரு கேள்விக்கு ஒரு நல்ல பக்கம் போதும். மறுபடி வந்தால் அதை மூடி, பழைய பக்கத்துக்கு இணைப்புக் கொடு. உதாரணத்துக்கு, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கணினி 0.3 என்று சொல்லாமல் 0.30000000000000004 என்கிறதே, கணக்கே உடைந்துவிட்டதா என்று 2009-இல் ஒருவர் கேட்டார். பத்தில் ஒன்று என்ற பின்னத்தை இரண்டடிமான எண்ணில் முழுமையாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 3 முடியாமல் நீண்டுகொண்டே போவதைப் போலத்தான். அதற்குப் பிறகு, 'என் பில் தொகையில் பைசா இடிக்கிறது', 'என் லூப் நிற்க மாட்டேன் என்கிறது' என்று எந்த மொழியில் எவர் கேட்டாலும், நோய் இதுவாக இருந்தால் அந்தப் பக்கத்துக்குத்தான் அனுப்புவார்கள். அது மிகச் சரியான காரியம். கேட்டவருக்குப் பதிலோடு, தன் நோயின் பெயரும் கிடைக்கிறது.

அட்வுட் 2010-இலேயே ஒரு கட்டுரையில் இன்னொன்றும் சொன்னார். மூடிய கேள்விகளை அழித்துவிட வேண்டாம், ஓரளவு திரும்ப வருவது நல்லதுதான்; ஆளுக்கொரு சொல்லில் தேடுவார்கள், ஒவ்வொரு மறுகேள்வியும் வேறொரு சொல்லிலிருந்து அதே பதிலுக்கு வழிகாட்டும் பலகையாக நிற்கும் என்று. ஃபர்னாஸ் குழு சொன்ன மருந்தேதான் இது. பொருளுக்குப் பல பெயர் வைக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்றால், நாம் திட்டுகிற அந்தப் புதியவர்கள்.

யோசனை இப்படி இருந்தும் நடைமுறை வேறாகப் போனது. 2014-இல், ஒரு துறையில் தங்கப் பதக்கம் பெற்றவர் தனியாளாகவே ஒரு கேள்வியை 'மறுகேள்வி' என்று மூடலாம் என அதிகாரம் கொடுத்தார்கள். இடிக் கடவுள் தோரின் சுத்தியல் பெயரால் அதை அழைத்துக்கொண்டார்கள். பெயரே போதும், மனநிலையைச் சொல்ல. முதல் கேள்வியை ஒரு மணி நேரம் எழுதி, திருத்தி, பயந்து பயந்து போட்டவருக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வருகிறது: மூடப்பட்டது. கூடவே ஒன்றிரண்டு எதிர் வாக்கு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. கேள்வியின் தலையில் போட்ட வணக்கத்தை அந்தத் தளத்தின் மென்பொருளே வெட்டிவிடும். கடைசியில் போட்ட நன்றியையும் யாராவது வந்து நீக்கிவிடுவார்கள். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும் என்பது அவர்கள் நோக்கம். பெரியவர்களிடம் எதைக் கேட்டாலும் வணக்கம் சொல்லித் தொடங்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளைக்கு, சொன்ன வணக்கத்தையே அழித்துவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்?

2018-இல் அந்த நிறுவனமே, எங்கள் தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை, மாற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியது. புதிதாக வந்தவர் பெயருக்கருகே 'புதியவர், பொறுமையாக இருங்கள்' என்ற பொருளில் ஒரு குறி வந்தது. பழையவர்களில் பலருக்கு அது கோபம். பத்தாண்டாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களைப் பண்பில்லாதவர்கள் என்கிறார்களே என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. எந்த மென்பொருளையும் விற்று அவர்கள் லாபம் பார்க்கவில்லை.

அலுத்துப்போன ஒருவருக்கு எளிதான வழி ஒன்று இருக்கிறது; ஏனோ அதைப் பலர் எடுப்பதில்லை. பதில் சொல்லாமல் தாண்டிப் போய்விடலாம். வேறு யாராவது சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. அதை விட்டுவிட்டு 'கூகிளில் தேடு' என்று எழுதினால் என்ன நடக்கிறது? ஆறு மாதம் கழித்து இன்னொருவர் கூகிளில் தேடுகிறார். முதலில் வந்து நிற்பது அந்தப் பக்கம்தான். ஆவலாகத் திறந்தால் உள்ளே இருக்கும் ஒரே பதில்: கூகிளில் தேடு. இதைவிடக் கொடுமை, கேட்டவரே திரும்பி வந்து 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது. எப்படி ஐயா சரியானது? அந்தப் பாவம் புதியவர்களின் கணக்கில்தான் சேரும்.

முகவரி வேறு என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு வருகிறேன். பேருந்து நிலையத்தில் விசாரணை அறைக்காரரிடம் காலையிலிருந்து நூறு பேர் 'திருச்சி வண்டி எங்கே நிற்கும்' என்று கேட்கிறார்கள். அவர் 'போர்டைப் பாருங்க' என்று கத்துகிறார். நூறு பேருக்கும் கண் தெரியாது என்று முடிவு கட்டலாம். போர்டு தூணுக்குப் பின்னால் இருக்கிறதா என்று எழுந்து போயும் பார்க்கலாம். மென்பொருளில் அப்படி எழுந்து போய்ப் பார்த்தவர்கள் உண்டு.

உபுண்டு பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். ஏதோ ஒன்றை நிறுவப் போனால், 'பூட்டைப் பெற முடியவில்லை' என்று ஒரு பிழைச்செய்தி வரும். கூடவே ஒரு கோப்பின் நீண்ட பாதை. புதியவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்ட கேள்வி இது. நடப்பது சாதாரண விஷயம். பின்னணியில் கணினி தானே புதுப்பிப்புகளை நிறுவிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிறுவினால் குழம்பும் என்பதால் முதல் ஆள் பூட்டு போட்டிருப்பார். ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். ஆனால் குழுக்களில் பரவிய பதில்களில் பல, பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்றன. அழித்து, பாதி நிறுவலில் கணினியைக் குட்டிச்சுவர் ஆக்கிக்கொண்டவர்கள் அடுத்த கேள்வியோடு வருவார்கள். 2020-இல், உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவியான ஏ.பி.டி.யின் 2.0 பதிப்பு வந்தது. இப்போது டெர்மினலில் அது பிழை சொல்லி ஓடிவிடுவதில்லை. பூட்டுக்காகக் காத்திருக்கிறேன், இன்ன எண்ணுள்ள இன்ன நிரல் அதை வைத்திருக்கிறது என்று சொல்லிக் காத்திருக்கிறது. பூட்டு விடுபட்டதும் வேலையைத் தொடர்கிறது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் சொல்ல வேண்டிய பதிலை நிரலே சொல்லிவிடுகிறது.

பைத்தானைப் பாருங்கள். 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி கட்டாயமானது. கடையில் கிடைத்த புத்தகங்களிலெல்லாம் பழைய முறை. அப்படியே தட்டினால், 'இலக்கணம் தவறு' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். முதல் நாள் முதல் வரியிலேயே அடி. புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து அச்சு மாறாமல் அடித்தவன் என்ன தப்பு செய்தான்? 2014-இல் 3.4.2 பதிப்பில் அந்த இடத்துக்கென்றே தனிச் செய்தி வைத்தார்கள்: பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது. பிற்காலப் பதிப்புகள் 'இப்படித்தானே எழுத நினைத்தீர்கள்' என்று சரியான வரியையே எழுதிக் காட்டின. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பைத்தான் ஷெல்லில் எக்ஸிட் என்று தட்டினால், வெளியேற எக்ஸிட்டோடு அடைப்புக்குறி போடு என்று அறிவுரை சொல்லும். நான் கேட்டது அதற்குப் புரிந்திருக்கிறது, ஆனாலும் கதவைத் திறக்காது! 2024-இல் வந்த 3.13-இல்தான் எக்ஸிட் என்றால் வெளியே விட்டார்கள். கிட்டிலும் ஒரே கட்டளைக்கு இரண்டு மூன்று வேலை கொடுத்துக் குழப்பியதைப் பிரித்து, 2019-இல் ஸ்விட்ச், ரீஸ்டோர் என்று இரண்டு புதுக் கட்டளை கொடுத்தார்கள்.

விம்? பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் வி.ஐ. எழுதியபோது அவர் வீட்டிலிருந்த மோடத்தின் வேகம் 300 பாட். ஓர் எழுத்து திரைக்கு வரவே நேரம் பிடிக்கும் காலத்தில் திரையில் உதவிக்குறிப்பு எழுதி வீணடிக்க முடியாது; ஒற்றை எழுத்துக் கட்டளைகள் அப்படி வந்தவை. பிராம் மூலனார் 1991-இல் விம்மை வெளியிட்டபோதும் அந்த மரபு தொடர்ந்தது. இப்போது கன்ட்ரோல் சி அழுத்தினால், வெளியேற இதைத் தட்டுங்கள் என்று கீழே ஒரு வரி வருகிறது. கன்ட்ரோல் சி அழுத்தத் தெரிந்தவர்களுக்கு.

இத்தனை திருத்தங்களும் நடந்ததற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. கேள்விகள் பொதுவெளியில், எண்ணிப் பார்க்கக்கூடிய இடத்தில் கிடந்தன. உருவாக்கியவர் கண்ணில் பட்டன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த மாதமே, அது எழுதும் பதில்களைத் தங்கள் தளத்தில் போடக் கூடாது என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை போட்டது. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு அதிகம் என்றார்கள். தடை போட்டுப் பயனில்லை, கேட்பவர்களே சாட்ஜிபிடியிடம் போய்விட்டார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு வரும் புதுக் கேள்விகள் பெருமளவு சரிந்துவிட்டன.

புதியவருக்கு இது பெரிய விடுதலை என்பதை நான் மறுக்க மாட்டேன். இயந்திரம் முகம் சுளிக்காது. இதை நேற்றே சொன்னேனே என்று கேட்காது. 'கிட் கமிட் போட்டேன், டெர்மினல் நின்றுவிட்டது' என்று தமிழிலேயே கேட்டாலும், நீங்கள் விம்முக்குள் இருக்கிறீர்கள் என்று சொல்லும். சொல் தெரியாதவருக்குச் சொல்லைத் தருகிற வேலையை அது மனிதர்களைவிட நன்றாகச் செய்கிறது. அந்த இயந்திரத்துக்கு அதைக் கற்றுக்கொடுத்ததில், திட்டு வாங்கிக்கொண்டு கேட்ட புதியவர்களும், திட்டிக்கொண்டே பதில் சொன்ன பழையவர்களும் எழுதிக் குவித்த பக்கங்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால் அந்த உரையாடல் பூட்டிய அறைக்குள் நடக்கிறது. லட்சம் பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தாலும் அந்த மென்பொருளை எழுதியவருக்குச் செய்தி போவதில்லை. நம் ஊர் வாட்ஸாப், டெலிகிராம் குழுக்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். கேள்வி ஓடி மேலே போய்விடுகிறது, வெளியிலிருந்து தேடுகிறவருக்கு அகப்படுவதில்லை. அட்மின் மேலே பின் செய்துவைத்த செய்தியை அட்மினைத் தவிர யாரும் படிப்பதில்லை.

உங்களில் பலர் அடுத்த ஆண்டு வேலைக்குப் போய்விடுவீர்கள். சிலர் கட்டற்ற மென்பொருள் எழுதுவீர்கள். ஒரு வேண்டுகோள். இயந்திரத்திடம் கேட்டு ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொண்டால், அந்தத் திட்டத்தின் வழுப் பதிவில் போய் நான்கு வரி எழுதுங்கள். தீர்வு தெரிந்த பிறகு வருகிற நாகரிகமான கலைச்சொற்களில் எழுத வேண்டாம். முதலில் என்ன தட்டினீர்களோ, 'எழுத்து உடைஞ்சு வருது', 'டெர்மினல் நின்னுடுச்சு', அதை அப்படியே மேலே போடுங்கள். மென்பொருளை எழுதியவர் 'இது ஏற்கெனவே சொல்லப்பட்டது' என்று உங்கள் பதிவை மூடினால், எத்தனை முறை சொல்லப்பட்டது என்று அவரிடமே கேளுங்கள்.